ஏழாம் எண் வாசல்

ஜூன் 2

பதினான்கும் இருக்கின்றன.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் கோவில்பட்டியில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு ஜெய்சல்மேர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. இன்றுதான் ஜன்னலருகே உட்கார்ந்து முழுதாக எண்ண முடிந்தது. சமையலறைப் படிக்கும் பின்பக்க முள்கம்பி வேலிக்கும் நடுவில் இருக்கிற கெட்டி மணல் தரையில் பதினான்கு வளைகள். ஒவ்வொன்றின் வாயும் கவிழ்த்து வைத்த பிறை மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முள்வால் பல்லி. ஒரு வளைக்கு ஒன்றுதான். பெரியவை வீட்டைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை.

திருநெல்வேலி டாக்டர் தினமும் எழுதச் சொன்னார். “மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே எழுதுங்கம்மா. யாரும் படிக்கப் போறதில்ல.” மனதில் பல்லிதான் ஓடுகிறது. எழுதுகிறேன். மிது தூங்கிய பிறகுதான் நேரம் கிடைக்கிறது.

இங்கே இதைச் சாண்டா என்கிறார்கள். சின்ன வயதில் தேரோட்டத்தின்போது சாலையோரம் துணி விரித்து ஒருவன் சாண்டா எண்ணெய் விற்பான். அவன் முன்னால் முதுகொடிந்து வரிசையாகக் கிடந்தவை இவைதான் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே இவை நடக்கின்றன, இலை தின்கின்றன, சாயங்காலம் வீட்டுக்குள் போய் உள்ளேயிருந்தே மண்ணைத் தலையால் முட்டித் தள்ளிக் கதவடைத்துக்கொள்கின்றன. அடைத்த பிறகு பார்த்தால் அங்கே வளை இருந்ததே தெரியாது. காலையில் தரை சுட்ட பிறகுதான் திறப்பு. எம்.எஸ்சி. படிக்கும்போது இதை ஒரே வரியில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினேன். அப்போது அது வெறும் வரி.

பிப்ரவரியில் ஆரம்பித்த நேர அட்டவணை பழைய நோட்டில் இருக்கிறது. ஏழாம் எண்தான் எப்போதும் முதலில் அடைக்கும். ஐந்தரை மணி. எங்கள் படியிலிருந்து ஆறு எட்டு தூரத்தில் இருப்பதும் அதுதான். மார்ச் 8 வரை ஒருநாள் விடாமல் குறித்திருக்கிறேன். மார்ச் 9 முதல் பக்கம் காலி. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வரும்போது ரயிலில் கருணா சொன்னார்: “பாரு சுகந்தி, கெளம்பும்போதே அம்மா புள்ளைய விட்டுட்டுப் போகச் சொன்னாங்க. நாந்தான் வேணாம்னேன். இன்னொரு தடவ எதாச்சும் ஆச்சுன்னா அம்மா வந்து மிதுவக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஒனக்கு முழுசா சரியாகுற வரைக்கும் அங்கதான். அப்ப நான் குறுக்க பேச மாட்டேன்.”

சரி என்றேன். மிது என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே எதுவும் ஆகக்கூடாது.

ஜூன் 3

ஜன்னல் நான்கு: சாத்தியாயிற்று. இடுக்கில் பழைய துணி திணித்தாயிற்று. குளியலறைத் தண்ணீர் போகும் துளை: செங்கல். சமையலறைக் கதவுக்கு அடியில்: சுருட்டிய சாக்கு. கூலர் வைத்த ஜன்னலின் ஓரம்: அட்டை, அதன்மேல் டேப்.

மிதுவுக்கு முதுகில் வேர்க்குரு. பவுடர் போட்டேன்.

ஜூன் 6

காற்றாலைக் கம்பெனி கட்டிக்கொடுத்த இருபது வீட்டில் நான்கில்தான் ஆள். எங்களுக்கு அடுத்த வீடு கேசர். காவலாளியின் மனைவி, மூன்று பிள்ளை பெற்றவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் பேசும் இந்தியில் பாதிதான் எனக்குப் புரியும். புரிந்ததை என் தமிழில் எழுதுகிறேன்.

மோர் கொண்டுவந்தாள். என்னை அண்ணி முறை வைத்து ‘பாபி’ என்றுதான் கூப்பிடுவாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்தாள்.

“தமிள் பாபி, இது வீடா, அடுப்பா? உங்க ஊர்ல புள்ளைய அவிச்சுத்தான் வளர்ப்பீங்களா?”

பாம்பு வரும் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பீவணா பற்றிச் சொன்னாள். ராத்திரி வந்து தூங்குகிறவர்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சைக் குடித்துவிட்டுப் போகும் பாம்பாம். கடித்த தடம் இருக்காது. காலையில் ஆள் எழுந்திருக்கமாட்டான். அவளுடைய சித்தப்பா அப்படித்தான் போனார்.

அது கட்டுவிரியன். கடித்தால் வலிக்காது, தடமும் தெரியாது, அதனால் வந்த கதை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

“பகல்ல எங்க இருக்கும்?” என்று கேட்டேன்.

“சொந்த வீடு கட்டுற பழக்கம் பாம்புக்கு ஏது? சாண்டா செத்தா அந்த வீட்டுல குடியேறிரும். சாண்டா வாசல அடைச்சிருந்தா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். பொழுது சாஞ்சும் தெறந்து கெடந்தா, வீட்டுக்காரி இல்ல, வாடகைக்கு வேற ஆள் வந்தாச்சுன்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டு மிதுவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். மோரை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

ஜூன் 11

காலை எட்டரைக்கு எல்லோரும் வெளியே. முதலில் தலை மட்டும் வரும். பத்து நிமிடம் அப்படியே கிடக்கும். அப்போது உடம்பு ஸ்லேட் நிறம். சூடு ஏற ஏற வெளுத்து மணல் நிறமாகிவிடும். மத்தியானம் யாரும் வெளியே இல்லை. அந்த நேரமும் வாசலை மூடிக்கொள்கின்றன. ஐந்து மணிக்கு மேல் மறுபடி.

3-ம் எண்ணும் 11-ம் எண்ணும் சண்டை. இரண்டும் ஆண். வாலால் ஒன்றையொன்று சாட்டை மாதிரி அடித்துக்கொண்டன. கல் தட்டுகிற சத்தம்.

7-ம் எண் நன்றாகக் கொழுத்திருக்கிறது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கித் தரையில் இழைகிறது. மேய்ச்சல் நல்ல மேய்ச்சல் போல.

மிது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து நிற்பது இதுதான் முதல்முறை. கருணாவுக்குப் போன் செய்தேன். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் வேலையில் இருந்தாராம், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தூக்கம்: இரண்டு மணி நேரம்.

ஜூன் 16

7-ம் எண் வாசலில் புது மண். இரண்டு கை அள்ளும் அளவு. மேல்மண் மாதிரி வெளுப்பாக இல்லை. பழுப்பு, ஈர நிறம். ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. ஏதோ ஒன்று உள்ளே தோண்டியிருக்கிறது.

என்ன தோண்டியிருக்கும்?

அடைத்த நேரம்: மற்றவை ஏழு மணிக்குள். 7-ம் எண் 7.25. மார்ச்சில் ஐந்தரை.

ஜூன் 17

7 அடைபட்டது. மாலை 7.40.

ஜூன் 18

காலை: பதின்மூன்று. மாலை: பதின்மூன்று.

கருணா குளியலறை விரிசலைப் பூச வைத்திருந்த சிமெண்ட் பையைத் தேடினார். “இங்கதான வச்சேன். அரைப் பை இருந்துச்சே?” நான் மிதுவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கேசரின் பிள்ளைகள் விளையாட எடுத்திருக்கும் என்றேன்.

ஜூன் 19

பகல் 12 முதல் 2.30 வரை கரண்ட் இல்லை. மிதுவுக்கு லேசான மயக்கம். கேசர் வந்தாள். இப்போது பரவாயில்லை.

ஜூன் 20

நேற்று எழுதியது போதாது. யாரும் படிக்கப் போவதில்லை என்றுதானே டாக்டர் சொன்னார்.

கரண்ட் போனதும் கூலர் நின்றது. வெளியே 46 டிகிரி. வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தேன். மிதுவின் தலையில் ஈரத்துணி போட்டேன். ஒரு மணிக்கு அவள் அழுவதை நிறுத்தினாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறக்கலாம் என்று மூன்று முறை எழுந்து போனேன். கை தாழ்ப்பாள் வரை போகும். ஜன்னலுக்கு வெளியே ஆறு எட்டில் பாம்பு இருக்கிறது, வாசல் அடைபட்டிருந்தாலும் இருக்கிறது.

கேசர் கதவை இடித்தாள். குரல் கொடுத்தாள். நான் சாக்கை எடுத்துக் கதவைத் திறப்பதற்குள் அவள் உதைத்தே திறந்துவிட்டாள். மிதுவை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிள்ளை கொடி மாதிரி துவண்டு கிடந்தது. உடம்பில் வேர்வை இல்லை. பானைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள். “பாம்பு வந்து குடிக்க ஒன் புள்ளைகிட்ட மூச்சு மிச்சம் இருக்கா பாரு!”

கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ். இன்னும் அரைமணி போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், கருணா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கருணா வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தார்.

ஜூன் 22

27-ம் தேதி அத்தை வருகிறார். 30-ம் தேதி காலை மிதுவோடு கிளம்புகிறார். ஜோத்பூர் வரை கார், அங்கிருந்து ரயில். என் பெயரில் டிக்கெட் இல்லை.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். “பார்ப்போம்” என்றார் கருணா.

பகல் முழுக்கக் கேசர் என்னோடு இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

7: இல்லை.

ஜூன் 25

எழுதிவிடுகிறேன்.

17-ம் தேதி 7.30 வரை ஜன்னலில் நின்றேன். பதின்மூன்று வாசலும் அடைத்தாயிற்று. ஏழு மட்டும் திறந்து கிடந்தது. கறுப்பாக. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரி இல்லை, வேறு ஆள் வந்தாச்சு என்று கேசர் சொன்னது தலைக்குள் சுற்றியது. கருணா வர இன்னும் ஒரு மணி நேரம். மிது தொட்டிலில். நான் செங்கல் துண்டுகளை உள்ளே திணித்து, சிமெண்டைக் குழைத்து, மேலே அப்பி, தட்டையாகத் தேய்த்து, மணலைத் தூவினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இன்று மிதுவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் பிரசவத்துக்கு முந்தின வாரத்து நைட்டி ஒன்று கையில் வந்தது. அவ்வளவுதான்.

வயிறு பிதுங்கித் தரையில் இழைந்தது. மேய்ச்சல் இல்லை. முட்டை. ஆழத்து மண்ணைத் தள்ளியது முட்டைக்கு அறை தோண்ட. ஜூன் அதற்கான மாதம். அன்று பொழுது சாய்ந்தும் வாசலை அடைக்காததற்குக் காரணம், அது உள்ளே, அடியில், வேலையாக இருந்தது. எம்.எஸ்சி. விலங்கியல். மார்ச் மாதத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்துக் கர்ப்பிணிக்கு நேரம் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பாம்பு இருக்கிறது, இல்லை அது இருக்கிறது. இரண்டில் ஒன்று. எட்டு நாள் ஆகிவிட்டது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். ஆனால் அது தானாக அடைத்துக்கொண்டு கிடப்பது.

திறக்க வேண்டும். கேசர் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. பிள்ளையை அவித்துக் கொல்லப் பார்த்தவள் இப்போது கொல்லையில் சிமெண்டை உடைக்கிறாள் என்று கருணாவிடம் போய்ச் சொன்னால் அதன்பிறகு பேச என்ன இருக்கும்? அமைதியாக இருந்தால், அத்தை வந்து பார்த்து மனம் மாறினாலும் மாறலாம். ஐந்து நாள்தான். சிரித்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, தலைவாரிக்கொண்டு.

ஜூன் 27

அத்தை வந்துவிட்டார். செண்பகவல்லி, ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்பே இல்லை. காரை விட்டு இறங்கியதும் வானத்தைப் பார்த்து, “என்ன ஊருடா இது, நெழலுக்குக்கூட வேர்க்குது” என்றார். மிது அவரிடம் உடனே போய்விட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவாரியிருந்தேன். புளிக்குழம்பு வைத்தேன். உப்புச் சரியாக இருந்தது.

ஜூன் 28

அத்தை என்னிடம் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மிதுவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: “நான் ஒன்னும் புள்ளையப் பறிச்சுட்டுப் போகல தாயி. ஒன்னயக் கொஞ்சம் தூங்கவிடுவோம்னுதான். கண்ணாடியில மூஞ்சியப் பார்த்தியா? ரெண்டு கண்ணும் கெணறு மாதிரி கெடக்கு.”

“நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை.”

“ஆமா, நல்லாத்தான் இருக்க. காலையிலருந்து அந்த சன்னல் வழியா எட்டு தடவ எட்டிப் பார்த்துட்ட. அங்க என்ன தெரியுது?”

“பல்லி.”

அத்தை இன்னொரு கவுனை மடித்தார்.

ஆறு கவுன், ஐந்து ஜட்டி, இரண்டு துண்டு, ஒரு தொப்பி. பெட்டியில் இடம் மிச்சம் இருக்கிறது.

ஜூன் 29

விவரமாக எழுத வேண்டும். நாளை இது எதுவும் சரியாக நினைவில் இருக்காது.

மாலை ஆறரை. கருணா இன்று சீக்கிரம் வந்துவிட்டார். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மிது தரையில் தவழ்ந்து போய்ச் சமையலறையின் கொசுவலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களை வலைக்கண்ணுக்குள் விட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். அதே கதவு. அதே இடம்.

டம்ளரைக் கீழே வைத்தேன். கருணாவின் பையில் இருந்த பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு, மிதுவைத் தூக்கி அத்தையின் மடியில் வைத்துவிட்டு, வெளியே போனேன்.

“ஏய், எங்க போற?”

மணலைத் தள்ளினேன். சிமெண்ட் கல்லாகிக் கிடந்தது. ஸ்பானரால் அடித்தேன். மூன்றாவது அடியில் கருணா வந்து கையைப் பிடித்தார்.

“என்ன பண்ற சுகந்தி? அம்மா பார்க்குறாங்க. இன்னைக்கு ஒரு நாளாவது ஒழுங்கா இருக்கக் கூடாதா?”

“விடுங்க. உள்ள ஆளிருக்கு.”

“எந்த ஆளு?”

“நாந்தான் அடைச்சேன். சிமெண்ட் நாந்தான் எடுத்தேன். உள்ள வச்சு அடைச்சுட்டேன்ங்க.”

அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு இஷ்டமில்லை. பிடியை விட்டார். மறுபடி அடித்தேன். சிமெண்ட் இரண்டாகப் பிளந்தது. பெரிய துண்டைப் பெயர்த்துத் திருப்பினேன்.

அடிப்பக்கத்தில் கீறல்கள். ஈரம் காய்வதற்குள் போட்டவை. நான்கு நான்காக, மெல்லியவை, ஒன்றின்மேல் ஒன்று. செங்கல் இடுக்கு வழியாக அது மேலே வந்திருக்கிறது. நான் கைகழுவிவிட்டு மிதுவுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது, அடியில் நின்றுகொண்டு பிறாண்டியிருக்கிறது.

செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கை முழங்கை வரை உள்ளே போயிற்று. பாம்பு இருக்கலாம் என்பது தெரியாமல் இல்லை. உடம்பெல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கருணா, “கைய எடு, கைய எடு” என்று கத்தினார். கைக்கு மண் தட்டியது. சரிந்து விழுந்த மண் இல்லை. சலித்த மாவு மாதிரி, அழுத்தி, வழுவழுவென்று முட்டி வைத்த மண். சுவர்.

நான் அப்படிச் செய்யவில்லை. நான் போட்டது செங்கல். இது உள்ளேயிருந்து வைத்தது.

நான் போட்ட அடைப்புக்கு ஒரு முழம் கீழே, அது தன்னுடைய கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

கையை எடுத்தேன். அதற்கு மேல் தொடவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று தெரியவில்லை, முகத்தில் மண் ஒட்டியிருந்தது.

அத்தை படியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் மிது. “பாம்புக்குப் பயந்துதான அடைச்ச?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை.”

“பெறகு எதுக்குக் கைய விட்ட?”

அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. மார்ச் 9. யாரும் கேட்கவில்லை. மூன்று மாதமாக நானே என்னிடம் சொல்லாதது.

அன்று மிது காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். கருணாவுக்கு இரட்டை ஷிப்ட். பதினொரு மணிக்கு அவளைத் தரையில் விட்டுவிட்டு வெளியே வந்து, இந்த வலைக்கதவை வெளிப்பக்கமாகத் தாழ்போட்டேன். நடந்தேன். தார்ச்சாலை வரை. பஸ் ஒன்று வந்தது. நான் கைகாட்டவில்லை, அதுவாகவே நின்றது. கண்டக்டர் என்னவோ கேட்டார். தலையாட்டினேன். போய்விட்டது. திரும்பி வர நாற்பது நிமிடம். மிது கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து வலைக்கண்ணில் விரல்களை விட்டிருந்தாள். அழுகை இல்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை. விரல் நுனிகளில் சிவப்புக் கோடு கோடாக. எலி கடித்திருக்கும் என்று கருணாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து உள்ளேயிருந்து மட்டும்தான் அடைக்கிறேன். எல்லாவற்றையும்.

சொல்லி முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. பதின்மூன்று வாசலும் அடைபட்டிருந்தன.

அத்தை கேட்டார்: “பஸ்ஸு நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“ஏறலியா?”

“ஏறல.”

அத்தை மிதுவோடு உள்ளே போய்விட்டார்.

கருணா என்னைப் பார்க்காமல் உள்ளே குரல் கொடுத்தார்: “அம்மா, காலையில எட்டு மணிக்கு வண்டி. எல்லாத்தையும் எடுத்து வச்சுருங்க.”

அவ்வளவுதான். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை. இனி அதை நினைத்து ஆவதற்கு ஒன்றுமில்லை.

மிது அத்தையோடு படுத்திருக்கிறாள். நான் கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலை மேலோட்டமாக மண்ணால் மூடிவிட்டு வந்தேன். அது திறக்க வேண்டுமென்றால் தடையாக இருக்காது.

ஜூன் 30

காலை ஆறு மணிக்குக் கண்விழித்தபோது பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம்.

போய்ப் பார்த்தேன். அத்தை படியருகே குந்திக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. கொடியில் ஆறு கவுன், ஐந்து ஜட்டி, இரண்டு துண்டு. தொப்பியைக்கூட விடவில்லை. எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

“அது துவைச்ச துணிதான அத்தை?”

“தெரியும். அந்த வாளிய இப்படித் தள்ளு.”

எட்டு மணிக்கு வண்டி வந்து ஹார்ன் அடித்தது. கருணா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கொடியைப் பார்த்தார்.

“என்னம்மா இது? வண்டி வந்திருச்சு.”

“துணி ஈரமாயிருக்கு. ஈரத்துணிய எப்படிடா பெட்டியில வைக்கிறது? நாறிப் போகும்.”

“இந்த வெயிலுக்குப் பத்து நிமிஷத்துல காஞ்சிரும்.”

“காயட்டும். நல்லாக் காயட்டும். காஞ்சதும் கெளம்புறேன்.”

“ரயிலு?”

“ரயிலு நாளைக்கும் ஓடும்.” வாளியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். “ஒன்னயப் பெத்துட்டு நான் கெணத்து மேட்டுல போய் உக்காந்த கதையெல்லாம் ஒனக்கு யாரு சொல்லப் போறா? அன்னைக்கு எங்க ஆத்தா வந்து கெணத்த எட்டிப் பார்த்துட்டு, ஒரு வார்த்தையும் பேசாம, ஆறு மாசம் எங்கூடவே கெடந்தா. போ, வண்டிக்காரனுக்கு டீயக் குடுத்து அனுப்பு. நீயும் அந்த எரட்டை ஷிப்டு கழுதைய இன்னையோட விடு.”

கருணா படியில் உட்கார்ந்தார். நேற்று நான் போட்டு வைத்திருந்த சிமெண்ட் துண்டு அங்கே கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீறல்களின்மேல் கட்டை விரலை வைத்து மெதுவாக ஒருமுறை தேய்த்தார். பிறகு எழுந்து வண்டிக்காரனிடம் போனார்.

8.50. 3, 11, 5, 2 எல்லாம் வெளியே. ஏழில் ஒன்றுமில்லை. நான் தூரத்திலேயே மணலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் குந்தினார். மிது நடுவில்.

9.10. மண் அசைந்தது. பிறை வடிவத்தில் ஒரு விரிசல். தலை. ஸ்லேட் நிறம், கண் இமையில் மண். அப்படியே கிடந்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு உடம்பும் வந்தது. வயிறு இல்லை. விலாவில் தோல் மடிந்து தொங்கியது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்து நின்று, புதரைப் பார்த்து நடந்தது. தின்றது. தின்றுகொண்டே இருந்தது.

“பெத்த ஒடம்பு” என்றார் அத்தை. “ஒன்ன மாதிரியே இருக்கு பாரு.”

மிது கையை நீட்டி என்னவோ சொன்னாள். அத்தைக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

7: அடைத்த நேரம் மாலை 7.35. உள்ளேயிருந்து.

ஆகஸ்ட் 11

மழை இரண்டு முறை பெய்தது. இன்று காலை ஏழாம் எண் வாசலில் விரல் நுனி அளவில் ஒரு தலை. அப்புறம் இன்னொன்று. எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டுக் குஞ்சுகள். உடம்பெல்லாம் கரும்புள்ளி. பெரியவை மாதிரி இலை தின்னவில்லை, எறும்பைத் துரத்துகின்றன. அம்மா பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது, கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் எட்டும் அதே வளைக்குள் போயின. பெரியவை பங்கு போட்டுக்கொள்ளாது என்று ஜூன் மாதம் எழுதியிருக்கிறேன். குஞ்சுகளுக்கு அந்தக் கணக்கு இல்லை.

மிது படியிலிருந்து ஏழாம் எண்ணை நோக்கி நான்கு எட்டு நடந்தாள். ஐந்தாவதில் விழுந்தாள். கேசர் கைதட்டினாள்.

புதிய அட்டவணை ஆரம்பித்திருக்கிறேன். மாதாமாதம் தனித்தனிப் பக்கம். தூக்கம்: ஐந்து மணி நேரம்.

7: உள்ளே ஒன்பது பேர். அடைத்தது 7.20.

எங்கள் வீட்டில் வலைக்கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. மரக்கதவு திறந்திருக்கிறது, காற்று வருகிறது. ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கருணா அத்தையிடம் கேட்டார்.

துணி இன்னும் காயவில்லையாம்.